செட்டிநாட்டு ஊர்களுக்கு ஆட்கள் திரும்புவார்களா?

கோட்டையூரைச் சொந்த ஊராகக் கொண்டு சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "ரயில் வேகமாகிறது, சாலை அகலமாகிறது, வேலையை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. அப்படியானால் இனி நகரங்கள் சுருங்கி எங்களைப் போன்றவர்களின் ஊர்கள் மீண்டும் நிரம்புமா? பூட்டிக் கிடக்கும் வளவுகளில், அந்தப் பெரிய கூட்டுக் குடும்ப வீடுகளில், மறுபடி ஆள் நடமாட்டம் வருமா?"

தம்பி, வேகத்தை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. வேலை நடக்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் எத்தனை நாளுக்கு ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறையா, வாரத்துக்கு ஒருமுறையா, தினமுமா? வீட்டை எப்படிக் கட்டுவது, ஊரில் யார் தங்குவது, எந்தக் கடை பிழைப்பது, எந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருப்பது என்பதெல்லாம் அந்த இடைவெளியைப் பொறுத்தே அமைகிறது. நான் காரைக்குடிப் பக்கம் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் முப்பது வருடம் நேர அட்டவணையும் கலெக்‌ஷன் கணக்கும் பார்த்தவன். ஊர்கள் நிரம்புவதையும் காலியாவதையும் டிக்கெட் கணக்கில்தான் முதலில் பார்த்தேன்.

உங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். முகப்பைத் தாண்டி உள்ளே போனால் நடுவில் திறந்த முற்றம். நாலு புறமும் தூண் வைத்த தாழ்வாரம். அதன் இரண்டு பக்கமும் வரிசையாகச் சிறு அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை, அதற்குத் தனிப் பூட்டு. இரண்டாங்கட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அடுப்பு. கல்யாணமானதும் 'வேறு வைத்தல்' என்று அரிசி பருப்பு அளந்து கொடுத்துத் தனிச் சமையலுக்கு வழி செய்துவிடுவார்கள். அத்தனை பெரிய மாளிகையில் ஒரு குடும்பத்துக்கு உரிய அறை ஏன் அவ்வளவு சிறியது என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். அந்த அறைக்கு உரிய ஆண் வருடம் முழுவதும் அங்கே இருப்பவன் அல்ல. அவன் 'கொண்டுவிற்க', அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொழும்புக்கோ சைகோனுக்கோ போயிருப்பான். ஏஜெண்டாகப் போனால் மூன்று வருடக் கணக்கு. மூன்று வருடம் முடிந்து கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவான். வீட்டை, வரவு செலவை, பிள்ளைகளை, சாமி காரியங்களை எல்லாம் ஆச்சிமார்கள் நடத்தினார்கள். ஆளில்லாத காலத்தில் பூட்டி வைக்க ஓர் அறையும், ஆள் வந்தபோது ஊரே கூட ஒரு கல்யாணக் கொட்டகையும் தேவைப்பட்டன. அந்த இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே சேர்த்ததுதான் வளவு. மூன்று வருட இடைவெளிக்கு என்றே தைத்த சட்டை அது.

போன இடத்தில் கடையும் தங்குமிடமுமாக இருந்த கிட்டங்கியின் வாழ்க்கையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நீளமான ஒரு கூடத்தில் பல கடைக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி, படுக்க ஒரு பாய். பகலில் கடை, இரவில் படுக்கை, பின்னால் பொதுச் சமையல். மூன்று வருடத்தில் திரும்பப் போகிறவனுக்கு அங்கே வீடு எதற்கு? சம்பாதித்த இடத்தில் பாயும், ஊரில் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் இருந்ததற்குக் காரணம் கஞ்சத்தனமோ ஆடம்பரமோ இல்லை. திரும்பி வருவது உறுதி, ஆனால் அடிக்கடி வர முடியாது என்ற நிலை அது.

இந்த இடைவெளியை ஏற்படுத்தியது நீராவிக் கப்பல். பாய்க்கப்பல் காலத்திலும் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், கடல் கடந்தவர்கள்தான்; ஆனால் காற்று திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் நெல்லுக்குத் தொலைதூரச் சந்தைகள் கிடைத்தன. காடு திருத்தி வயலாக்கப் பர்மிய விவசாயிக்குக் கடன் வேண்டும். கடன் கொடுக்க நம் ஆட்கள் போனார்கள். குறித்த நாளில் புறப்பட்டுக் குறித்த நாளில் சேரும் கப்பல் இருந்ததால்தான் ஒரு முதலாளி கானாடுகாத்தானில் இருந்துகொண்டு டெல்டாவின் ஒரு மூலையில் இருந்த கடையின் கணக்கைச் சரிபார்க்க முடிந்தது. 1926இல் கட்டிய ரஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அந்தக் கப்பலைச் சொந்தக்காரர் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். 1937 பிப்ரவரியில் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கியபோது ஒரே நாளில் மூன்று கிளைகள் திறந்தன: காரைக்குடி, சென்னை, ரங்கூன். அந்த நாளில் இந்த மூன்றும் ஒரே தொழில் ஊரின் மூன்று தெருக்கள்!

வேலை போனதும் அந்த வாழ்க்கை எப்படி ஆனது என்பதும் உங்கள் கேள்விக்கு முக்கியம். 1930 வாக்கில் வந்த உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, நிலம் திரும்பியது. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் கால் பங்கு வாக்கில் செட்டியார்கள் பெயரில் இருந்தது. காசாக இருந்தால் தூக்கிக்கொண்டு வரலாம், நிலத்தை எப்படித் தூக்குவது? 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் காட்டு வழியாக அசாமுக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் பலர். 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் நில உடைமைச் சட்டங்கள் மிச்சத்தையும் முடித்துவைத்தன. வீட்டுக்குப் பூட்டுப் போட்டது ரயிலோ பஸ்ஸோ அல்ல. வேலை மறைந்தது, அதற்கென்று கட்டிய வீடு பயனற்று நின்றது.

அந்த நேரத்தில் ரயிலும் வந்திருந்தது என்பது உண்மை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்குப் போகும் பாதை 1930இல் முழுமை பெற்றது. ஒன்றைக் கவனியுங்கள்: நாம் பெருமையாகக் காட்டும் மாளிகைகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே எழுந்தவை. ஒரு தூணுக்கு ஒரு முழு மரம் என்று வந்த தேக்கெல்லாம் மாட்டு வண்டியில்தான் இந்தச் செம்மண் தடத்தில் வந்து சேர்ந்தது. ரயில் ஓடத் தொடங்கியபோது வெளியிலிருந்து உள்ளே கொண்டுவர வேண்டிய பொருள் குறைந்திருந்தது. உள்ளேயிருந்து வெளியே போக வேண்டிய ஆட்கள் இருந்தார்கள். ராத்திரி ஏறினால் காலையில் சென்னை. பிள்ளையைச் சென்னையில் படிக்க வைக்கலாம், அங்கேயே ஒரு வீடு வாங்கலாம், விசேஷத்துக்கு ஊருக்கு வரலாம். ரங்கூனுக்குப் போன காலத்தில் மனைவி மக்கள் ஊரில் இருந்தார்கள். சென்னைக்குப் போகும் காலத்தில் அவர்களும் சேர்ந்தே போனார்கள். பயணம் சுலபமானதால் ஊர் காலியானது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் இதுதான் நடந்தது.

1931இல் சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நம் ரயிலுக்கு ஒரு வருடம் இளையது. அதே தண்டவாளம், அதே ரயில்வே, விளைவு தலைகீழ். குரோம்பேட்டையில் இருப்பவர் காலையில் கோட்டைப் பக்கம் அலுவலகத்துக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினார். வயல்வெளிகள் மனைகளாயின, அந்தத் தண்டவாளத்தின் இரு பக்கமும் நகரம் நீண்டது. தினம் திரும்ப முடிந்த இடமெல்லாம் சென்னையோடு ஒட்டிக்கொண்டது. தினம் திரும்ப முடியாத செட்டிநாட்டிலிருந்து சென்னை ஆளை மட்டும் எடுத்துக்கொண்டது.

செசரே மார்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994இல் இதை ஒரு கணக்காக எழுதினார். எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் மனிதன் சராசரியாக ஒரு நாளில் ஒரு மணி நேரம் வாக்கில்தான் பயணத்துக்குச் செலவிடுகிறான் என்பது அதன் சாரம். போக அரை மணி, வர அரை மணி. நடந்தால் இரண்டரைக் கிலோமீட்டர். பழைய ஊர்களின் அளவு அதுதான். சைக்கிள், டவுன் பஸ், மோட்டார் பைக் என்று வாகனம் மாற மாற அந்த அரை மணிக்குள் அடங்கும் வட்டம் பெரிதாகும், நேரம் அப்படியே நிற்கும். கணக்கை அச்சுப் பிசகாமல் எல்லா இடத்திலும் பொருத்த வேண்டாம், சென்னையில் ஒரு பக்கத்துக்கே ஒன்றரை மணி நேரம் போகிறவர்கள் உண்டு. ஆனால் எங்கள் கம்பெனி டிக்கெட் கணக்கில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காரைக்குடியிலிருந்து முக்கால் மணிக்குள் சேரும் ஊர்களிலிருந்து தினமும் வந்துபோகும் ஆட்கள் இருந்தார்கள். ஒன்றேகால் மணி ஆகும் ஊரிலிருந்து சந்தைக்கு வருபவர், ஆஸ்பத்திரிக்கு வருபவர் மட்டும்.

காரைக்குடி வளர்ந்ததற்கும் தேவகோட்டை அந்த அளவுக்கு வளராததற்கும் பல காரணம் சொல்வார்கள். ரயில் தேவகோட்டையைத் தொடாமல் 'தேவகோட்டை ரஸ்தா' என்ற பெயரை மட்டும் ஊருக்கு வெளியே வைத்துவிட்டுப் போனது ஒன்று. என் பார்வையில் அதைவிடப் பெரியது அழகப்பச் செட்டியார் செய்தது. 1947இல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வரவேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் நிலையம் திறந்தது. மலேயாவில் சம்பாதித்ததையும் லண்டனில் படித்ததையும் வைத்து அவர் இன்னொரு மாளிகை கட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாகத் தினம் காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் வேலையை இந்தச் செம்மண்ணில் கொண்டுவந்து வைத்தார். புதுவயலிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் பிள்ளைகள் சைக்கிளில் கல்லூரிக்கு வந்தார்கள், பிறகு பஸ்ஸில் வந்தார்கள். 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. 2024இல் காரைக்குடி மாநகராட்சியானது. அரண்மனை இருக்கும் கானாடுகாத்தான் இன்றும் ஓர் அமைதியான பேரூராட்சி.

இப்போது உங்கள் காலத்துக்கு வருகிறேன். 2020இல் பள்ளத்தூரில் நான் பார்த்த ஒரு காட்சி. எட்டுப் பத்து வருடமாகக் கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் திறந்த ஒரு வளவு. அதில் ஓர் அறைக்கு உரிய பையன் பெங்களூரிலிருந்து மனைவி, குழந்தையோடு வந்துவிட்டான். சுவர் இரண்டடிக் கனம், உள்ளே சிக்னல் வராது. அதனால் முகப்புத் திண்ணையில் ஒரு மர மேசையைப் போட்டுக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்தத் திண்ணையில்தான் அவன் பூட்டன் கணக்கப்பிள்ளையோடு உட்கார்ந்து கடைக் கணக்குப் பார்த்திருப்பார். தெருவில் பால்காரர் மறுபடி அந்த வாசலில் நின்றார். ஆச்சி ஒருவர் என்னிடம், "விளக்கு எரியிறதப் பாக்கவே வயிறு நிறையுதுப்பா" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு குழந்தைக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. அலுவலகம் வாரத்தில் மூன்று நாள் வரச் சொன்னது. அறைக்கு மறுபடி பூட்டு.

இதில் அந்தப் பையனின் மனத்தில் குறை ஒன்றும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் வரச் சொன்னால் வீடு அலுவலகத்திலிருந்து இரண்டு மணிக்குள் இருக்க வேண்டும். அப்போது செங்கல்பட்டும் திருவள்ளூரும் வீங்கும், கோட்டையூர் அல்ல. வாரத்தில் ஒரு நாள் என்றால் விழுப்புரம், திருச்சி வரை தாங்கும். மாதத்துக்கு ஒருமுறை என்றால்தான் காரைக்குடி கணக்கில் வரும். சென்னைக்கு நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2013இல் பல்லவன் ரயிலைக் காரைக்குடி வரை நீட்டியபிறகு விடியற்காலையில் ஏறினால் நண்பகலுக்குச் சென்னை சேரலாம். நல்ல வண்டி, நானும் போகிறேன். ஆனால் அது மாதம் ஒருமுறைப் பயணத்துக்கான வண்டி. இன்னும் இரண்டு மணி நேரம் அதைக் குறைத்தாலும் தினப் பயணம் ஆகாது. திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். ரஜுலாவில் ஒரு வாரம் ஆன தூரம். அதனால் சிங்கப்பூரில் இருப்பவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்பதை வருடத்துக்கு இரண்டு தடவை ஆக்கிக்கொண்டார். அவர் குடும்பமும் சிங்கப்பூரில்தான் இருக்கிறது.

ஆகவே நகரத்தார் வளவுகள் முன்போல் நிரம்பும் என்று நான் நம்பவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள். ஒரு சாவி மலேசியாவில், ஒன்று அமெரிக்காவில், ஒன்று கோயம்புத்தூரில். ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஒத்துவராதபோது வீடு விலை பேசப்பட்டுத் தூண் தனியாக, நிலை தனியாக, கண்ணாடி தனியாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போகிறது. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்தன. அதை நான் வரவேற்கிறேன். சமையலுக்கும் துப்புரவுக்கும் உள்ளூர்ப் பெண்கள் தினம் போய்வருகிறார்கள்.

அந்தப் பெண்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். ஊர் காலி என்று நாம் சொல்லும்போது மூடிய மாளிகையை மட்டும் பார்த்துச் சொல்கிறோம். அந்த மாளிகைக்குப் பின் தெருவில் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டைக் காவல் காப்பவர், ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் சிமெண்டுக் கலவையை ஊற்றித் தளக் கல் வார்ப்பவர், கண்டாங்கிச் சேலை நெய்பவர், காரைக்குடி ஜவுளிக் கடையில் நிற்கும் பெண், ஆஸ்பத்திரியில் துணி மாற்றும் ஆயா. காலை ஆறு மணிக்கு முன் கிளம்பும் முதல் பஸ் நடையில் ஏறிப் பாருங்கள். முன் படியில் பூக்கூடை, அதன்மேல் ஈரத் துணி. இன்ஜின் மூடியின் மேல் இரண்டு பால் கேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்ததுமே ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிடும் கட்டட வேலைப் பெண், மடியில் தூக்குவாளி. கண்டக்டர் எழுப்ப மாட்டார். அவள் இறங்கும் இடம் அவருக்குத் தெரியும். அந்த ஊர் உயிரோடு இருப்பது அந்த நடையால்.

2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தபோது தனியார் பஸ்காரர்களுக்குப் பெரிய அடி. எங்கள் கலெக்‌ஷனும் சரிந்தது, நான் மறைக்கவில்லை. ஆனாலும் அது சரியான காரியம் என்றே அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். மாதம் சராசரியாக 888 ரூபாய் ஒரு பெண்ணுக்கு மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வில் தெரியவந்தது. துணிக்கடையில் நிற்பவளுக்கு அது பெரிய தொகை. அதைவிட முக்கியம், பஸ் காசைக் கழித்தால் கூலி கட்டாது என்று விட்டிருந்த தூரத்து வேலைக்கு அவள் இப்போது போகிறாள். அரை மணி வட்டத்தைப் பெரிதாக்க வேகம் ஒரு வழி என்றால் கட்டணம் இன்னொரு வழி. டி.வி.எஸ். 50 வந்தபோது இதைப் பார்த்தோம். 1980க்குப் பிறகு பின்னால் காய்கறி மூட்டையோடு ஒரு மொபெட் போகாத கிராமம் இல்லை. வியாபாரி ஊரிலேயே இருந்துகொண்டு நாலு ஊருக்கு விற்றார்.

நான் செய்த ஒரு தவறையும் இங்கே சொல்ல வேண்டும். இரவு எட்டே முக்காலுக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு கிராமத்துக்குக் கடைசி நடை ஓட்டிக்கொண்டிருந்தோம். அதில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் வருவார்கள். திரும்பும்போது வண்டி காலி. டீசல் காசு கட்டவில்லை. கணக்கைப் போட்டு, நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். முதலாளி நிறுத்தினார். மறு மாதம் அதே தடத்தில் காலை நடையின் கலெக்‌ஷனும் இறங்கியது. எனக்குப் புரியவில்லை. கண்டக்டரிடம் கேட்டேன். "ராத்திரி திரும்ப வண்டி இல்லைன்னா காலையில் எப்படி வேலைக்கு வரும், அந்த ஜனம்?" என்றார். கடையடைத்து எட்டரைக்கு வெளியே வரும் பெண்கள் வேலையை விட்டிருந்தார்கள். இரண்டு குடும்பம் காரைக்குடியில் வாடகைக்கு வந்துவிட்டது. அவர்களின் பிள்ளைகளும் வந்ததால் ஊர்த் தொடக்கப் பள்ளியில் எண்ணிக்கை குறைந்தது. பத்து டிக்கெட் என்று நான் எண்ணியது பத்துக் குடும்பத்தின் அடுப்பு. நடையைத் திரும்பவும் விடச் சொல்லி நான் எழுதிய கடிதம் கோப்பிலேயே கிடந்தது.

தம்பி, உங்களால் ஊருக்கு வர முடியாமல் போகலாம். அதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். வந்துபோகும் விடுமுறையில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஊர் நிறுத்தத்தில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பெட்டிக்கடையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காரைக்குடியில் கடைகள் மூடும் நேரத்தோடும் கல்லூரி விடும் நேரத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி இருந்தால் ஊர்க்காரர்கள் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுங்கள். நகரத்தார் சங்கங்கள் விமான நிலையம் கேட்டு எழுதும் கடிதங்களில் பாதியை இதற்கு எழுதலாம். வீட்டைப் பங்காளிகள் சேர்ந்து காப்பாற்ற முடிந்தால் அதில் ஓர் அறையை ஊர்ப் பிள்ளைகள் மாலையில் படிக்கத் திறந்துவிடுங்கள். பூட்டிய அறையைவிடத் திறந்த அறை கூடுதல் நாள் நிற்கும். கரையான் ஆள் நடமாட்டத்துக்குப் பயப்படும்.

நான் நிறுத்திய அந்தத் தடத்தில் இப்போது மினி பஸ் ஒன்று ஓடுகிறது. கடைசி நடை ஒன்பது மணிக்கு. போன வாரம் ஏறினேன், எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.